நட்டதா, முளைத்ததா

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் நான் அறைக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் டப்பென்று லேப்டாப்பை மூடினார். கையில் டீயோடு நிற்கிறவளைப் பார்த்து "என்ன?" என்கிறார். டீதான், வேறென்ன! வைத்துவிட்டு வந்தேன்.

காரணம் தெரியும். தெரிந்தும் எரிச்சல் வருகிறது. இந்தப் பருவத்துக்குப் பொய்ப்புள்ளி நடுகிற வேலை அவருக்கு விழுந்திருக்கிறது. ஒரே ஆபீசில் குப்பை கொட்டும் புருஷன் பெண்டாட்டிக்கு இதைவிடக் கெட்ட காலம் வேண்டாம்.

அக்கா போன் செய்தபோது புலம்பினேன். "அதென்னடி பொய்ப்புள்ளி?" என்றாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன், என் கோபத்துக்கும் ஓர் ஒழுங்கு வரட்டும்.

எங்கள் தொலைநோக்கி எங்கோ ஒரு மலைமேல் தானாகத் திரும்பி, வானத்தின் ஒரே துண்டை இரவுக்கு இரவு படம்பிடித்து அனுப்புகிறது. நாங்கள் பகலில் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறோம். (அக்கா இத்தனை வருஷமாக நான் ராத்திரியெல்லாம் மொட்டைமாடியில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தாளாம்.) நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்கும். நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் பனிப்பாறைகள் மட்டும் படத்துக்குப் படம் துளி நகரும். நகர்ந்த புள்ளிகளைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுக்கும். நாங்கள் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து 'உண்மை' அல்லது 'குப்பை' என்று குறிக்க வேண்டும். சரி, நாங்கள் எத்தனையைக் கோட்டை விடுகிறோம் என்று எப்படித் தெரிவது? அதற்காகத்தான் ஒருவர் யாருக்கும் சொல்லாமல், அசல் மாதிரியே நகரும் பொய்ப்புள்ளிகளைப் படங்களுக்குள் நட்டு வைப்பார். நட்டதில் எத்தனை பிடிபட்டன என்று பார்த்தால், தானாக முளைத்ததில் எத்தனை தப்பியிருக்கும் என்ற கணக்கு வந்துவிடும். பருவம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் அவர் திறந்து காட்டுவார். அதுவரை யாரும் கேட்கக் கூடாது, அவரும் மூச்சு விடக் கூடாது.

"அப்ப உன் புருஷன் சம்பளம் வாங்கிட்டுப் பொய் சொல்றாரா?" என்றாள் அக்கா. பிறகு, "அவருதான் தூக்கத்துல உளறுவாரே, கேட்டுக்கோயேன்" என்று சிரித்தாள். உளறுவார்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் "ஃபில்டரை மாத்து, ஃபில்டரை மாத்து" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிய மனிதர்.

இந்த ஏற்பாட்டைச் செய்தது எங்கள் குழுத் தலைவி. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் பெரியம்மா. வேண்டாம் மேடம், வீட்டிலேயே இருக்கிறவள் நான், சரிப்படாது என்று சொல்லிப் பார்த்தேன். "வீட்ல இருக்கிறவகிட்டயே மறைக்க முடிஞ்சா உலகத்துல யார்கிட்ட வேணா மறைக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினார்.

பிப்ரவரி 12, புதன்

என் மேசையில் பேனா போட்டு வைக்கும் கோப்பையைத் தூக்கி எறிய வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், எறிவதில்லை.

போன பருவத்தில் நட்டவர் வேறொருவர், இப்போது வேலை மாறிப் போய்விட்டார். அவர் நட்ட ஒரு புள்ளியை நிஜமென்று நம்பி நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. 'உண்மை' என்று குறித்ததில் தப்பே கிடையாது. நட்டதோ முளைத்ததோ, கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படிக் குறிப்பதுதான் வேலை. குறித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நான் வராந்தாவில் ஓடினேன், பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தேன், அக்காவுக்குப் போன் செய்து அழுதேன். திறப்புநாளில் அந்தப் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்ததும் அறையே கொல்லென்று சிரித்தது. அந்தப் படத்தை இந்தக் கோப்பையில் அச்சடித்து எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்து வாங்கிக்கொண்டேன்.

இவரும் சிரித்தார் அன்று. கொஞ்சமாகத்தான். பார்த்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று ஒன்று வந்தது.

கம்ப்யூட்டர் கொடுத்த எண் நானூற்றுப் பதினேழு. மூன்று மாதப் படங்களை வரிசையாக ஓட்டினேன். மங்கலான புள்ளி, ஒன்றில் இங்கே, அடுத்ததில் மயிரிழை தள்ளி, அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி. இந்தப் பனிப்பாறைகள் பெரும்பாலும் கிரகங்கள் சுற்றும் தளத்தை ஒட்டியே போகும், கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். இது அந்தத் தளத்துக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினேன். அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

படிக்கிற காலத்திலிருந்து இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருக்கிறேன். இது யாருக்குத் தெரியும்? அவருக்கு மட்டும். பாத்திரம் கழுவும்போது சொல்லியிருக்கிறேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லியிருக்கிறேன், ஜுரத்தில் படுத்திருந்தபோதுகூட. இவ்வளவு தூரத்தில் இருக்கணும், இப்படி நிமிர்ந்து சுத்தணும், அப்படி ஒண்ணு கிடைச்சா அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டே மிச்ச காலத்தை ஓட்டிடுவேன் என்று. "கிடைக்கும், கிடைக்கும்" என்பார், தட்டைத் துடைத்துக்கொண்டே.

இப்போது வந்திருப்பது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. அதுதான் இடிக்கிறது.

எதுவும் குறிக்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 15, சனி

தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். கேட்டால் முதுகுவலியாம். முதுகுவலிக்கு யாராவது குழி விழுந்த சோபாவில் போய்ப் படுப்பார்களா? அந்தச் சோபாவில் உட்கார்ந்தாலே எழுந்திருக்க ஆள் வேண்டும்.

எனக்கென்ன, நான் பச்சைக் குழந்தையா? தூக்கத்தில் வாய் உளறிவிடுமோ என்று பயம். அதுவும் இத்தனை நாள் இல்லாமல், நானூற்றுப் பதினேழு என் திரைக்கு வந்த பிறகு. கம்ப்யூட்டர் பொறுக்கிய எல்லாமும் அவர் திரையிலும் வரும், எது அவர் நட்டது என்ற குறிப்போடு. அப்படியானால் என்னிடம் மறைக்க ஏதோ இருக்கிறது. நட்டிருந்தால்தானே மறைக்க வேண்டும்? தானாக முளைத்ததில் மறைக்க என்ன இருக்கு?

பிப்ரவரி 20, வியாழன்

சோதித்துப் பார்த்தேன். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "நானூத்திப் பதினேழாம் நம்பர் பஸ் இனிமே நம்ம தெரு வழியா போகுமாம்" என்றேன்.

தொண்டையில் ரொட்டி சிக்கி இருமினார் பாருங்கள்! கண்ணில் தண்ணீர். இடது காது செவசெவ என்று ஆகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் காது என்னிடம் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. "அப்படி ஒரு பஸ்ஸே கிடையாதே" என்று முனகிவிட்டு, சாக்ஸ் ஒரு காலில் நீலம் ஒரு காலில் கறுப்புமாகக் கம்பி நீட்டினார்.

ஒரு வாரமாக என் முகத்தை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பேசும்போது என் தலைக்கு மேலே இருக்கும் கடிகாரத்திடம் பேசுகிறார். லேப்டாப் குளியலறை வரை கூடவே போகிறது. அக்காவிடம் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி, "ஏய்... வேற யாராவது?" என்றாள்.

"அக்கா, அந்த மனுஷனுக்குத் தனக்குன்னு ஒரு சட்டை எடுக்கவே துப்பு கிடையாது."

"அப்படிப்பட்டவங்களைத்தான் நம்பக் கூடாது."

சிரித்துவிட்டு வைத்தேன். வேறொருத்தி என்றால்கூட நாலு வார்த்தை திட்டித் தீர்க்கலாம். இது அப்படியா? நான் மனசுக்குள் வைத்து வளர்த்த ஆசையை, அவரை நம்பிச் சொன்னதை, எடுத்துத் தூண்டிலில் மாட்டி என் முன்னாலேயே தொங்கவிட்டிருக்கிறார் என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்ல?

பிப்ரவரி 24, திங்கள்

ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது வழக்கம். என் பங்குக்கு இரண்டாவது ஆள் பக்கத்து மேசைக்காரர். ஆமாஞ்சாமி என்று பேர் வைத்திருக்கிறோம். எது வந்தாலும் 'உண்மை' என்று குறித்துவிடுவார். கேமராவில் விழுந்த தூசியைக்கூட ஒருமுறை உண்மை என்றார். கேட்டால், "பாவம், இருந்துட்டுப் போகட்டுமே" என்பார்.

இன்று விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தார். இவருக்கும் விஷயம் தெரியுமோ? எல்லோருமாகச் சேர்ந்து அடுத்த கோப்பைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்களோ? டீ இடைவேளையில் அவரும் என் வீட்டுக்காரரும் ஜன்னலோரம் நின்று ஏதோ பேசினார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். "என்ன பேச்சு?" என்றேன். "மழை வரும் போலிருக்கு" என்றார் ஆமாஞ்சாமி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

திறப்புநாள் வரை, மற்றத் தொலைநோக்கிகளின் பழைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆர்க்கைவ் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது விதி. நட்ட புள்ளி எங்கள் படங்களில் மட்டும்தான் இருக்கும். வேறொரு தொலைநோக்கி முந்தின வருஷம் எடுத்த பழைய படத்தில் அது எப்படி இருக்கும்? அங்கேயும் இருந்தால் முளைத்தது, இல்லாவிட்டால் நட்டது. ஒரு நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும், பருவத்தின் கணக்கும் கெட்டுவிடும்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நானூற்றுப் பதினேழின் பாதையைப் பின்னோக்கி ஓட்டி, போன வருஷம் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்துப் படத்தை ஆர்க்கைவிலிருந்து இறக்கினேன். அருமையான படம். பல இரவுகள் எடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தது என்பதால் அத்தனை சுத்தம். நம் புள்ளியைவிட மங்கலான நட்சத்திரம்கூட ஊசிமுனையாகத் தெரிகிறது. நான் வட்டம் போட்ட இடத்தில்?

ஒன்றுமில்லை. வெறும் இருட்டு. வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை.

பாத்தியா! நான் நெனச்சேன். முதல் நாளே நெனச்சேன். அட பாவி மனுஷா, உனக்கு விளையாட வேற பொம்மையே கிடைக்கலியா? நான் ஜுரத்துல கிடந்து சொன்னதையெல்லாம் ஞாபகம் வச்சிருந்து, தூரம் சாய்வு எல்லாம் அச்சு அசலா — சே! எனக்கு அழுகை வந்தது. யாரும் படம் எடுத்து இன்னொரு கோப்பையில் போடாதவரை நல்லது. ஆமாஞ்சாமி டிபன் பாக்ஸோடு திரும்பி வந்து, "கண்ல தூசியா?" என்றார். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 26, புதன்

'குப்பை' என்று குறித்தேன். காரணம் எழுதும் இடத்தில் "இரண்டு படங்களில் புள்ளியின் உருவம் திருப்தியாக இல்லை" என்று எழுதினேன். திருப்தியாகத்தான் இருந்தது.

நட்டதென்று தெரிந்தாலும் 'உண்மை' என்றுதான் குறித்திருக்க வேண்டும், எனக்குத் தெரியாதா? கண்ணுக்குத் தெரிந்ததைக் குறி, மற்றதை மற — இதை மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறவளே நான்தான். ஆனால் இன்னொரு கோப்பை வேண்டாம். மீன் கடிக்காது, கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அவர் திரையில் எங்கள் குறிப்புகள் உடனே தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். தண்ணீர் பாட்டுக்குப் போகிறது. கண்ணாடி டம்ளர் கைநழுவி உடைந்தது. கீழே உட்கார்ந்து சில்லைப் பொறுக்கிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல், "எல்லாத்தையும் நிதானமாத்தான் பாக்கிறியா?" என்றார்.

"எதை?"

"பொதுவாத்தான். எல்லாத்தையும்." மென்று விழுங்கினார். "ஒண்ணுமில்ல. விடு."

முகத்தில் ஈயாடவில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை. அதற்கும் நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் தட்டை எடுக்கும்போது என்னவோ போலிருந்தது.

மார்ச் 1, சனி

பொறுக்க முடியாமல் இன்று வாயை விட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"ஒருத்தி நம்பிச் சொன்னதை வச்சு அவளையே கேலி பண்றது ரொம்பக் கேவலம்" என்றேன்.

"யாரு, யாரைக் கேலி பண்ணாங்க?"

"நான் பொதுவாத்தான் சொல்றேன். நீங்க பொதுவாக் கேட்ட மாதிரி."

கையிலிருந்த துண்டை வைத்துவிட்டு, பதினைந்து நாளில் முதல் தடவையாக என்னைப் பார்க்கப் போனார். பாதியில் தலையைத் திருப்பிக்கொண்டார். "இந்தப் பேச்சே வேண்டாம். இப்ப எதுவும் பேசக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் ஏன் வாயைப் பிடுங்கறே? தயவு செஞ்சு விட்டுடு." குரல் உடைந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இருட்டும் வரை தெருவைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார், மாடியிலிருந்து பார்த்தேன்.

குற்றமுள்ள மனசு என்று அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் குரல்?

மார்ச் 5, புதன்

இன்றும் ஹால்தான். நானும் கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வெள்ளிக்கிழமை திறப்பு. சிவப்பு வட்டம் விழும்போது எப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு, லேசான புன்னகையோடு. பிறகு வீட்டுக்கு வந்து பேசிக்கொள்கிறேன் அவரிடம்.

மார்ச் 14, வெள்ளி

இதை உடனே எழுதிவிட்டால் தேவலை.

பெரிய அறை, திரையை இறக்கிவிட்டிருந்தார்கள். அவர் முன்னால் நின்று நட்டதை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம். யாராவது தவறவிட்டிருந்தால் "ஐயையோ", பிடித்திருந்தால் கைதட்டல். என் பங்குப் புள்ளிகள் வந்தன. ஒன்று, இன்னொன்று, எல்லாம் சாதாரணப் பாதைகள். நான் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு காத்திருந்தேன். நானூற்றுப் பத்து வந்தது, நானூற்று இருபத்திரண்டு வந்தது, போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் திரை வெறுமையானது. "அவ்வளவுதான்" என்றார்.

"நானூத்திப் பதினேழு?" என்றேன். வாயை மீறி வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு மாதத்தில் முதல் முறை, நேராக.

"அது என்னோடது இல்ல."

அறையில் சளசளவென்று பேச்சு. பெரியம்மா எழுந்து வந்து படங்களை ஓட்டச் சொன்னார். ஓட்டினார்கள். இங்கே, மயிரிழை தள்ளி, இன்னும் தள்ளி. "இதை யாரு குப்பைன்னு போட்டது?" என்றார் பெரியம்மா. நான் கையைத் தூக்கினேன். "யாரு உண்மைன்னு போட்டது?" ஆமாஞ்சாமி எழுந்து நின்று, "நான் போட்டேன் மேடம். நான் எல்லாத்துக்கும்தான் போடுவேன்" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. இந்த முறை என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்ல? என்னோடது இல்லன்னு சொன்னாலும் சொன்னதுதானே."

"அப்ப ஹால்ல படுத்தது..."

"தூக்கத்துல சொல்லிடுவேனோன்னு. நீ ஆசைப்பட்ட மாதிரியே ஒண்ணு வந்திருக்கு, அதை நீதான் பார்த்திருக்கே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் மூஞ்சியைப் பார்த்தா சிரிச்சுடுவேன். அதான் பார்க்கல." நிறுத்தினார். "அன்னிக்கு நீ குப்பைன்னு போட்டதும் என்னால நிக்கவே முடியல."

அப்போது நான் ஆர்க்கைவைச் சொன்னேன். அவர் தூண்டில் போட்டதாக நினைத்ததையும் சொன்னேன். இரண்டாவதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். "நீ என்கிட்ட சொன்னதை வச்சு நான் விளையாடுவேன்னு நெனச்சியா? நானா?" என்றார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. இருந்தும் இன்று அவர் தலையணை ஹாலில்தான் இருக்கிறது.

மார்ச் 15, சனி

விடுமுறை நாளில் ஆபீஸ் போனேன். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தப் பழைய படத்தை மறுபடி திறந்தேன். வெறும் இருட்டு. எப்படி? முளைத்தது என்றால் அங்கே இருந்தாக வேண்டுமே. அரை மணி நேரம் முறைத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

அது அடுக்கிய படம். பல இரவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் துடைத்து எறிவது. ஓர் இரவு இங்கேயும் மறு இரவு அங்கேயும் இருக்கிற எதுவும் அதில் மிஞ்சாது. நகர்கிறதைத் தேடுகிறவள், நகர்கிறதையெல்லாம் துடைத்த படத்தில் போய்த் தேடியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இது! வேறு எவராவது இப்படிச் செய்திருந்தால் இரண்டு வருஷம் சொல்லிச் சிரித்திருப்பேன். இல்லை என்று பார்க்கத்தானே போனேன், இல்லை என்று பார்த்ததும் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அடுக்காத தனிப் படங்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். இருந்தது. மங்கலாக, சாதுவாக, கணக்குப் போட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. போன வருஷமும் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகு. நான்தான் முதலில் பார்த்தேன், நான்தான் தள்ளினேன்.

மார்ச் 17, திங்கள்

பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆர்க்கைவ், புருஷன் காது, பஸ் நம்பர், எல்லாம். யாரும் கேட்கவில்லை, சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அவர் ஒரு மாதம் குழி விழுந்த சோபாவில் படுத்துக் காப்பாற்றிய கணக்கு அது. என் குறிப்புகள் அதில் கலந்திருந்தால் அத்தனையும் வீண்.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீ படத்தைப் பாக்கல. புருஷன் மூஞ்சியைப் பாத்துக் குறிச்சிருக்கே."

"ஆமா மேடம்."

"அதையும் தப்பாப் பாத்திருக்கே."

"ஆமா மேடம்."

இந்தப் பருவம் நான் பார்த்த பங்கு முழுவதையும் வேறு ஒருவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும். என் குறிப்புகள் எதுவும் கணக்கில் சேராது. நானூற்றுப் பதினேழைச் சரிபார்க்கப் பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டிருக்கிறார்கள். அது நிஜமென்று உறுதியானால் 'உண்மை' என்று முதலில் குறித்தவர் பெயரில் பதிவாகும். வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதை என் வீட்டுக்காரருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி தலையணையோடு அறை வாசலில் வந்து நின்றார். "சோபாக் குழியில கிடந்து நிஜமாவே முதுகு போயிடுச்சு" என்றார். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

பெரிய தொலைநோக்கியில் இருக்கிறது. கணக்குப் போட்ட இடத்தில், கொஞ்சமும் பிசகாமல். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஆமாஞ்சாமியின் பெயர். மனுஷன் கூச்சத்தில் நெளிந்துகொண்டே என் மேசைக்கு வந்து, "நான் வேணா எழுதிக் கொடுத்துடறேன், நீங்கதான் முதல்ல..." என்றார். வேண்டாம் என்றேன். அவர் பார்த்து, கண்ணுக்குத் தெரிந்ததைக் குறித்தார். அதுதானே வேலை. வயிறு எரியத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிடைக்கும் கிடைக்கும் என்று சொல்லவில்லை. அதற்காகவே இன்னும் கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 21, திங்கள்

பெரியம்மா அறைக்குக் கூப்பிட்டார். இந்தப் பருவம் நடும் வேலை எனக்காம். "இவ்வளவு சந்தேகப்படற ஆளு தேட வேண்டாம், ஒளிச்சு வை" என்றார். என் வீட்டுக்காரர் தேடுகிறவர்கள் பக்கம். திட்டம் போட்டுத்தான் செய்கிறாரோ இந்த அம்மா?

செப்டம்பர் 9, செவ்வாய்

சாயங்காலம் அவர் வழக்கத்துக்கு முன்னாலேயே எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். என்ன பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும், அவர் குறித்ததும் என் திரையில் விழுந்துவிட்டது. எண் இருநூற்று ஆறு. தூரத்தில், தன்னந்தனியாக, ஒரு பாறையை இன்னொரு பாறை சுற்றிக்கொண்டு இரட்டையாக நகர்கிறது. இரட்டை என்றால் இவருக்கு உயிர். பாத்திரம் துடைக்கும்போது எனக்குச் சொல்லியிருக்கிறார்.

கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத் துப்புத் தேடவும் இல்லை. 'உண்மை' என்று குறித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாலைச் சுடவைத்து, எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்தார். நான்தான் கடிகாரத்தைப் பார்த்துப் பேசினேன்.

நான் நட்டதில் அது இல்லை. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். "என்ன, முதுகுவலியா?" என்றார் அறையிலிருந்து. ஆமாம் என்றேன். எனக்குத் தூக்கத்தில் உளறும் பழக்கம் கிடையாது. இருந்தாலும் இன்றைக்கு என்னை நம்ப முடியவில்லை. சோபா நடுவில் அவர் அளவுக்கு விழுந்த குழி, எனக்குக் கொஞ்சம் பெரிது.